லேசர் சிகிச்சை: முகத்தைக் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்

(கேமரன் மலைத் தேயிலைத் தோட்ட மண்டபத்தில் ஒளிப்பதிவு செய்யப்பட்ட தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்ல. வெகுஜனத் தொடர்புத் துறையில் டிப்ளோமா முடித்துவிட்டுக் கேமரா முன்னால் பேசிப் பிழைக்கிறவள். மருத்துவச் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல நிபுணர் இங்கே இருக்கிறார். அப்படியானால் நீ ஏன் பேசுகிறாய் என்று கேட்பீர்கள். இரண்டு காரணங்கள். ஒன்று, இதே மலையில் கொழுந்து பறித்த ஒரு தாயின் மகள் நான். இன்னொன்று, லேசர் என்ற பெயரில் என் முகத்தை ஒருமுறை கெடுத்துக்கொண்டவள்.

இன்று காலை ஒலிவாங்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் அக்கா என் கையைப் பிடித்தார். முப்பது வருடத்திற்கும் மேலாகத் தேயிலைக் காட்டில் நின்றவர். என் கன்னத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "ஏம்மா, இந்த லேசர் அடிச்சா என் மூஞ்சி உன் மூஞ்சி மாதிரி ஆயிடுமா?" என்று கேட்டார். பக்கத்தில் ஒரு தங்கச்சி. சிறு வயதில் கொதிநீர் பட்டு இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை தழும்பு. அவள் எதுவும் கேட்கவில்லை. ஆனால், அக்கா கேட்ட கேள்விக்கு நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவள்தான் அதிகக் கவனமாக இருந்தாள்.

அக்காவிடம் அப்போதே உண்மையைச் சொன்னேன். "அக்கா, இது என் மூஞ்சி இல்லை. முக்கால் மணி நேரம் பூசிய ஒப்பனை." சிரித்தார். ஆனால் கூட்டுக் கட்டிச் சேர்த்த பணம் அவரிடம் இருக்கிறதாம். மகள் கல்யாணத்திற்கு முன் முகத்தைச் சரிசெய்துகொள்ள ஆசையாம். அந்த ஆசையைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது. முகத்தை வைத்துச் சம்பளம் வாங்குகிற நானே அதைச் சொன்னால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

குளிரும் வெயிலும்

இந்த மலையில் 1929-இல் ஜே.ஏ. ரஸ்ஸல் போ தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் வந்தது. காட்டை அழித்த காலத்திலிருந்து நம்மவர்கள் இந்தச் சரிவுகளில் நின்றிருக்கிறார்கள். இன்று பறிக்கும் கைகளில் பெரும்பாலானவை வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா என்று வேறு நாடுகளிலிருந்து வந்தவை. இருந்தாலும் பழைய தலைமுறை அம்மாக்களின் முகத்தில் அந்த வருடங்கள் எல்லாம் எழுதியிருக்கின்றன.

கேமரன் மலை என்றால் குளிர். குளிர் என்றால் வெயில் கடுமையில்லை என்று நினைத்துவிடுகிறோம். இதில்தான் ஏமாந்துபோகிறோம். உடம்புக்குச் சுடுகிற வெப்பம் வேறு, தோலைக் கெடுக்கிற புற ஊதாக் கதிர் வேறு. உயரம் ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் கூடும்போதும் புற ஊதாக் கதிரின் அளவு 10 முதல் 12 விழுக்காடு கூடுகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. தானா ராத்தா 1,400 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அப்படியானால் கீழே தாப்பாவில் நிற்பவரைவிட இங்கே நிற்பவருக்குக் கதிர் அதிகம். ஆனால் குளிர்காற்றில் சூடு மட்டும் தெரியாது. மெல்லிய மேகம் இந்தக் கதிரைப் பெரிதாகத் தடுப்பதும் இல்லை. நம் நாடு பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2012-இல் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் 69 வயது லாரி ஓட்டுநர் ஒருவரின் படம் வந்தது. 28 வருடம் லாரி ஓட்டியவர். அவருடைய முகத்தின் வலது பக்கம் அவர் வயதுக்கு ஏற்றாற்போல் இருக்கிறது. ஜன்னல் பக்கமிருந்த இடது பக்கமோ தடித்து, தொங்கி, உழுத நிலம் மாதிரி கிடக்கிறது. ஜன்னல் கண்ணாடியைத் தாண்டி வரக்கூடிய புற ஊதா 'ஏ' கதிரின் வேலை அது. நம் நாட்டில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருகிறார். மலையிலிருந்து காய்கறி ஏற்றிக்கொண்டு இறங்கும் நம் லாரிக்கார அண்ணன்களின் வலது கன்னத்தை ஒரு தடவை கவனித்துப் பாருங்கள்.

சுருக்கம் வருவதற்கு வயது ஒரு காரணம். வெயில் பெரிய காரணம். தோலின் மேல் தோல் ஒரு தாள் கனம்தான். அதன் அடியில்தான் கொலாஜன் என்ற நார்ப்பொருள் வலை போலப் பின்னிக் கிடக்கிறது. வெயில் அந்த நாரை அறுக்கிறது. நம் கறுப்பு நிறம், அதாவது மெலனின், ஓரளவு குடை பிடிக்கிறது. அதனால்தான் வெள்ளைக்காரர்களைவிட நமக்குச் சுருக்கம் தாமதமாக வருகிறது. ஆனால் அதே மெலனின்தான் லேசர் என்று வரும்போது நமக்குத் தொந்தரவு தருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

லேசர் என்ன செய்கிறது?

தோலைப் புதுப்பிக்கும் லேசர்களில் பழையது, இன்றும் பலமானது, கரியமில வாயு லேசர். அதை 1964-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தவர் மகாராஷ்டிர மாநிலம் பாராமதியில் பிறந்த குமார் பட்டேல் என்ற இந்தியர். இந்தத் தகவலைப் படித்த அன்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

இந்த லேசரின் கதிர் கண்ணுக்குத் தெரியாது. அதன் அலைநீளம் 10,600 நானோமீட்டர். அந்தக் கதிரைத் தண்ணீர் நன்றாக உறிஞ்சும். நம் தோலின் செல்களில் பெரும்பகுதி தண்ணீர்தானே? கதிர் பட்டவுடன் அந்தச் செல் ஆவியாகிப் போகிறது. எர்பியம் யாக் என்று இன்னொரு வகை, 2,940 நானோமீட்டர். அதைத் தண்ணீர் இன்னும் பல மடங்கு அதிகமாக உறிஞ்சுவதால் மேலோடு மட்டும் சீவி எடுக்கும். சுற்றி இருக்கும் இடத்திற்குச் சூடு குறைவாகவே பரவும்.

ஆக, லேசர் என்பது அளவு பார்த்து உண்டாக்குகிற ஒரு புண். புண் ஆறும்போது உடம்பு புதுத் தோலை வளர்க்கிறது. அடியில் புதுக் கொலாஜனை நெய்கிறது. மேல் தோல் சில நாளில் மூடிக்கொள்ளும். அடியில் நடக்கும் நெசவுக்கு மூன்று முதல் ஆறு மாதம் ஆகும். அடுத்த வாரமே பளபளப்பு என்று விளம்பரம் போடுகிறவர்கள் வீக்கத்தைத்தான் பளபளப்பு என்கிறார்கள்.

உங்களுக்கு இதை விளக்க எனக்கு உதாரணம் தேட வேண்டியதில்லை. தேயிலைச் செடியைக் கவாத்து செய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். சில வருடத்திற்கு ஒருமுறை செடியை வெட்டி மொட்டையாக்குகிறோம். வேர் நன்றாக இருந்தால் புதுத் துளிர் வருகிறது. தோலுக்கு வேர் எங்கே இருக்கிறது? மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும். அங்கிருந்துதான் புதுத் தோல் ஏறி வருகிறது. முகத்தில் இவை நெருக்கமாக இருப்பதால் முகம் சீக்கிரம் ஆறும். கழுத்தில் மிகக் குறைவு. முகத்திற்கு வைக்கும் அளவையே கழுத்திலும் வைத்தால் ஆறாமல் புதுத் தழும்பு வந்துவிடும்.

1990-களில் முகம் முழுவதையும் ஒரே தடவையில் சீவி எடுத்தார்கள். வெள்ளைத் தோலில் சுருக்கம் நன்றாக மறைந்தது. ஆனால் ஒன்றிரண்டு வாரம் பச்சைப் புண். சிவப்பு பல மாதம் போகாது. 2004-இல் பாஸ்டன் நகர ஆராய்ச்சியாளர்கள் வேறு வழியைச் சொன்னார்கள். முழுவதையும் சீவாமல், மயிரிழை அளவு துளைகளாக மட்டும் கதிரை இறக்கி, துளைகளுக்கு நடுவில் நல்ல தோலை அப்படியே விட்டுவிடுவது. அந்த நல்ல தோல் பக்கத்திலிருந்து புண்ணை மூடும். இதைத்தான் 'ஃப்ராக்‌ஷனல்' லேசர் என்கிறார்கள். கவாத்து வெட்டும்போது செடி மூச்சு விட ஒன்றிரண்டு கிளையை விட்டுவைப்பார்களே, கிட்டத்தட்ட அதே யோசனை. ஒரே தடவையில் முடியாது. பல தடவை, இடைவெளி விட்டு. நம் நிறத்திற்கு இதுதான் பொருத்தம் என்று தோல் நிபுணர்கள் சொல்கிறார்கள். அதையும் துளைகளை இடைவெளி விட்டு, மெதுவாகச் செய்ய வேண்டும்.

என் கதை

2013-இல் எனக்கு இருபத்து சொச்சம் வயது. கன்னம் நிறைய பருத் தழும்பு. தொலைக்காட்சிக் குரல் தேர்வுக்கும் திரைத் தேர்வுக்கும் அழைப்பு வந்திருந்தது. துல்லிய ஒளிபரப்பு வந்த பிறகு கேமரா ஒரு சின்னக் குழியைக்கூட விட்டுவைப்பதில்லை. ஒரு பட்டணத்து அழகு நிலையத்தில் 'லேசர், மூன்று தடவை, சலுகை விலை' என்று பலகை போட்டிருந்தார்கள். எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம். வெள்ளை மேலங்கி போட்ட ஒரு பெண் செய்தார். அவர் மருத்துவரா என்று நான் கேட்கவில்லை. கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்தேன். நான் என்ன மருந்து சாப்பிடுகிறேன், வெயிலில் வேலையா என்று அவரும் என்னைக் கேட்கவில்லை.

மூன்றாம் நாள் வெளிப்புறப் படப்பிடிப்பு. நடுப்பகல் வெயில். அடுத்த இரண்டு வாரத்தில் கன்னம் இரண்டும் கறுத்துப்போயின. தழும்பு அப்படியே இருந்தது. அதன் மேல் புகை படிந்த மாதிரி கருமை. அந்த வேலை கிடைக்கவில்லை. அம்மா பார்த்துவிட்டு, "யாரு சூடு வெச்சாங்க?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் எல்லாம் இருந்தது.

பிறகு ஒரு தோல் நிபுணரிடம் போனேன். அவர்தான் சொன்னார்: நம் தோலில் எந்தப் புண், எந்தச் சூடு, எந்த அழற்சி வந்தாலும் மெலனின் செல்கள் கலவரப்பட்டு நிறத்தை அள்ளிக் கொட்டும். கொசு கடித்த இடம்கூட நமக்குக் கறுப்பாகத்தான் ஆறுகிறது, இல்லையா? எனக்குச் செய்தது லேசரே இல்லாமல்கூட இருக்கலாம் என்றார். 'ஐ.பி.எல்.' என்று ஒரு பளீர் விளக்கு இருக்கிறது. அதையும் பல இடங்களில் லேசர் என்றே விற்கிறார்கள். கறுப்புத் தோலில் அது சுலபமாகச் சுட்டுவிடும். என் கன்னக் கருமை மங்க ஒரு வருடத்திற்கு மேல் ஆனது. வெயில் தடுப்புக் களிம்பும் பொறுமையும்தான் மருந்து.

கருமையாவது மங்கும். ஆழமாகச் சுட்டுவிட்டால் சில மாதம் கழித்து வெள்ளைத் திட்டு வரலாம். அது பெரும்பாலும் போகாது. நம் சமுதாயத்தில் முகத்தில் வெள்ளைத் திட்டு என்றால் அக்கம்பக்கம் என்ன பேசும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

என்ன கேட்க வேண்டும்?

கூச்சப்படாமல் கேளுங்கள். முதல் கேள்வி, "நீங்கள் பதிவு பெற்ற மருத்துவரா?" நம் நாட்டில் மருத்துவச் சட்டம் 1971-இலிருந்து இருக்கிறது. தனியார் கிளினிக் எதுவும் 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். அழகுச் சிகிச்சை செய்யும் மருத்துவர்களுக்கென்று சுகாதார அமைச்சு 2013-இல் வழிகாட்டி வெளியிட்டது. அதன்படி அந்தச் சிகிச்சைக்கு 'எல்.சி.பி.' என்ற தகுதிக் கடிதம் வேண்டும். அழகு நிலையக்காரருக்கு முகம் கழுவிவிடலாம், பூச்சுப் போடலாம். தோலைச் சுடும் கருவியைத் தொட அனுமதியில்லை. சுவரில் மாட்டியிருக்கும் பட்டயத்தைப் பார்த்து மயங்காதீர்கள். வார இறுதிப் பயிற்சிக்கும் தங்கச் சட்டம் போட்டுத் தருகிறார்கள்.

அடுத்து, "என் நிறத்தில் உள்ளவர்களுக்கு இதற்கு முன் செய்திருக்கிறீர்களா? படம் காட்டுங்கள்." கொரியா நாட்டுப் பெண்ணின் படம் நமக்கு உதவாது. "முதலில் காதோரம் சின்ன இடத்தில் செய்து பார்ப்பீர்களா?" என்றும் கேளுங்கள். நல்ல மருத்துவர் அவராகவே அதைச் சொல்வார்.

மருத்துவரும் உங்களைச் சில கேள்விகள் கேட்க வேண்டும். பருவுக்கு ஐசோட்ரெட்டினாய்ன் மாத்திரை சாப்பிட்டீர்களா, உதட்டில் அடிக்கடி கொப்புளம் வருமா, நீரிழிவு உண்டா, கர்ப்பமா. முக்கியமாக, தழும்பு தடித்து வளரும் உடம்பா? இதை நீங்களே வீட்டில் பார்க்கலாம். இடது கையில் பி.சி.ஜி. ஊசி போட்ட இடத்தைப் பாருங்கள். அது தடித்துப் புடைத்துக் கட்டி மாதிரி நிற்கிறதா? காது குத்திய இடத்தில் உருண்டை வந்ததா? வந்திருந்தால் லேசருக்கு அவசரப்பட வேண்டாம். முதலில் அதைச் சொல்லுங்கள். இந்தக் கேள்வி எதையும் கேட்காமல் "படுங்க" என்று சொல்கிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள். முன்பணம் போனால் போகட்டும்.

இன்னொன்றும் உண்டு. களிம்பு. லேசருக்குக் காசில்லாதவர்கள் பாசார் மாலாமில் வெண்மைக் களிம்பு வாங்குகிறார்கள். பாதரசம், ஹைட்ரோகுவினோன், பெட்டாமெத்தசோன் கலந்த களிம்புகளைச் சுகாதார அமைச்சு திரும்பத் திரும்பப் பெயர் சொல்லித் தடை செய்திருக்கிறது. இரண்டு வாரத்தில் வெளுக்கிறது என்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது.

அக்காவுக்கும் தங்கச்சிக்கும்

இப்போது அந்த அக்காவின் கேள்விக்கு வருகிறேன். அக்கா, லேசர் மெல்லிய சுருக்கத்தைக் குறைக்கும்; அழிக்காது. தொங்கும் தாடையைத் தூக்காது. நெற்றியில் சுருக்கிச் சுருக்கி விழுந்த கோடு தசையின் வேலை. அதற்கு லேசர் அவ்வளவாகப் பயன்படாது. செய்த பிறகு ஒரு வாரமாவது வீட்டுக்குள், மாதக்கணக்கில் வெயிலுக்கு மறைவு. காலை ஏழு மணிக்குக் காட்டில் நிற்க வேண்டியவர் அதை எப்படிச் செய்வார்? கவாத்து வெட்டிய செடியின் மேல் வெட்டிய கிளைகளையே போட்டு மூடி வைக்கிறோம், வெயில் பட்டுக் கட்டை கருகிவிடக் கூடாது என்று. செடிக்குக் கொடுக்கும் அந்த நிழலை முகத்திற்குக் கொடுக்க முடியாது என்றால் இந்தச் சிகிச்சை வேண்டாம் என்பதுதான் என் அபிப்பிராயம். பல ஆயிரம் ரிங்கிட் கொடுத்துக் கருமையை வாங்கியது நான் ஒருத்தி போதும்.

தலையில் துண்டு கட்டி, அதன் மேல் தொப்பி வைத்து, பாதி முகத்தை மூடிக்கொண்டு போவார் என் அம்மா. சிறு வயதில் எனக்கு அது வெட்கமாக இருந்தது. பள்ளிப் பேருந்து போகும்போது அம்மா கையசைத்தால் நான் திரும்பிக்கொள்வேன். இப்போது தெரிகிறது, அந்தத் துண்டுதான் நல்ல மருந்து. அதோடு வெயில் தடுப்புக் களிம்பும் வேண்டும். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் 55 வயதுக்கு உட்பட்ட 903 பேரை நாலரை வருடம் கவனித்தார்கள். 2013-இல் முடிவு வெளியானது. தினமும் களிம்பு பூசியவர்களின் தோல், விருப்பம்போல் பூசியவர்களின் தோலைவிட 24 விழுக்காடு குறைவாக முதுமை அடைந்திருந்தது. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல் வாங்குங்கள். நிறம் கலந்த களிம்பு நமக்கு இன்னும் நல்லது. அதிலுள்ள இரும்பு ஆக்சைடு, கருமை உண்டாக்கும் சாதாரண வெளிச்சத்தையும் தடுக்கும். அக்காவின் மகளுக்கு இதை வாங்கிக் கொடுங்கள். பேத்திக்கும்.

தங்கச்சியின் விஷயம் வேறு. அவளுக்குத் தழும்பு அழகுப் பிரச்சினை மட்டும் இல்லை. கழுத்தைத் திருப்பும்போது இழுக்கிறது என்று அவள் அம்மா சொன்னார். தீக்காயத் தழும்பை இளக்குவதற்கு ஃப்ராக்‌ஷனல் கரியமில வாயு லேசர் இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. இழுத்துப் பிடிக்கும் தோல் நெகிழும், மேடு தணியும், நிறமும் ஓரளவு ஒத்துவரும். தழும்பு இல்லாமல் போகும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பருத் தழும்பு உள்ள பிள்ளைகளுக்கும் இதையே சொல்கிறேன். ஊசி குத்தினாற்போல ஆழமான குழிக்கு வேறு சிகிச்சை உண்டு. நுண்ணூசிச் சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. அதில் சூடு இல்லை, கருமை வரும் வாய்ப்பும் குறைவு. எது பொருத்தம் என்று நிபுணர் பார்த்துச் சொல்லட்டும்.

வழி இதுதான். தானா ராத்தா அரசு மருத்துவமனையில் ஒரு ரிங்கிட் கட்டிப் பாருங்கள். கடிதம் கேளுங்கள். ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. கோலாலம்பூர் பொது மருத்துவமனையில் தீக்காயத் தழும்புகளைப் பார்க்கும் ஒட்டறுவைப் பிரிவு இருக்கிறது. காத்திருக்க வேண்டிவரும், பஸ்ஸேற வேண்டிவரும், ஒருநாள் சம்பளம் போகும். எல்லாம் தெரிந்துதான் சொல்கிறேன். ஆனால் அங்கே உங்கள் முகத்தைப் பார்ப்பவர் மருத்துவர்.

அந்தத் தங்கச்சி இன்னும் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறாள். துப்பட்டாவைக் கன்னம் வரைக்கும் இழுத்துவிட்டிருக்கிறாள். கேமரா அவள் பக்கம் திரும்பாது என்று காலையிலேயே அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஒளிப்பதிவாளர் அண்ணனிடமும் சொல்லியாகிவிட்டது. அவளுக்கு நிபுணரிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறதாம். ஒலிவாங்கியை அங்கே கொடுங்கள்.